எந்த ஒன்று, என்ன வகை: ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேரும் இடம்

மேசையின் கால் உடைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். “டேபிள்’ஸ் லெக்” என்பதா, “டேபிள் லெக்” என்பதா, “லெக் ஆஃப் தி டேபிள்” என்பதா? ஆங்கிலத்தில் சரளமாக எழுதுகிறவர்களும் இந்த இடத்தில் ஒரு கணம் தயங்குவார்கள். பள்ளியில் படித்த விதி இங்கே கைகொடுப்பதில்லை. உயிருள்ளவற்றுக்கு அப்பாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் சேர், உயிரற்றவற்றுக்கு “ஆஃப்” போடு என்பது அந்த விதி. ஆனால் எந்த ஆங்கில நாளிதழைப் பிரித்தாலும் “தி சிட்டி’ஸ் ரோட்ஸ்”, “தி கம்பெனி’ஸ் ப்ராஃபிட்” என்று உயிரற்றவற்றுக்கு அப்பாஸ்ட்ரஃபி தாராளமாக விழுந்திருக்கிறது. மாணவர்கள் உயிருள்ளவர்கள்தான்; ஆனால் அவர்கள் வாங்கும் கல்விக் கடன் “ஸ்டூடன்ட் லோன்”. அங்கே அப்பாஸ்ட்ரஃபியே கிடையாது.

நம்மைத் திசைதிருப்புவது “உடைமை” என்ற பெயர்தான் என்று நினைக்கிறேன். உடைமை வடிவம் என்று பெயர் வைத்துவிட்டதால், யாருக்குச் சொந்தம், எதற்குச் சொந்தம் என்று தேடத் தொடங்குகிறோம். ஆங்கிலம் கேட்கும் கேள்வி அதுவல்ல. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் “எந்த ஒன்று?” என்பதற்கு விடை சொல்கிறதா, “என்ன வகை?” என்பதற்கு விடை சொல்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த ஒன்று என்று சுட்டினால் ’ஸ் சேர்ந்த உடைமை வடிவம். என்ன வகை என்று சொன்னால், இரண்டு பெயர்ச்சொற்களும் ’ஸ் இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும் கூட்டுப்பெயர். இதற்கு அடங்காத இடங்களும் உண்டு, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். ஆனாலும் பெரும்பாலான சந்தேகங்களை இந்த ஒரு கேள்வியே தீர்த்துவிடும்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். “தி ஸ்டூடன்ட்’ஸ் ரூம்” என்றால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாணவர் இருக்கிறார், இது அவர் தங்கியிருக்கும் அறை. அப்பாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்குப் பின்னால் தள்ளி “தி ஸ்டூடன்ட்ஸ்’ ரூம்” என்று எழுதினால் மாணவர்கள் பலர், அவர்களுடைய அறை. இவ்விரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும், எழுத்தில்தான் வேறுபடும். “எ ஸ்டூடன்ட் ரூம்” என்பது முற்றிலும் வேறு. மாணவர் தங்குவதற்கென்று கட்டிய வகை அறை அது. அதில் இப்போது எந்த மாணவரும் இல்லாமல் இருக்கலாம். விடுமுறையில் சுற்றுலாப் பயணி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கலாம். அப்போதும் அது “ஸ்டூடன்ட் ரூம்”தான். அந்தச் சுற்றுலாப் பயணி உள்ளே இருக்கும்வரை அதை “தி ஸ்டூடன்ட்’ஸ் ரூம்” என்றால்தான் கேட்பவர் குழம்புவார்.

இப்போது இவற்றுக்கு முன்னால் “ஓல்டு” என்ற அடைமொழியைச் சேர்த்துப் பாருங்கள். “தி ஓல்டு ஸ்டூடன்ட்’ஸ் ரூம்” என்றால் வயதானவர் மாணவர். “தி ஓல்டு ஸ்டூடன்ட் ரூம்” என்றால் பழசாகிப்போனது அறை. ஒரே அடைமொழி ஒரே இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் வெவ்வேறு சொல்லைப் போய்ப் பிடிக்கிறது. உடைமை வடிவத்துக்குள் இருப்பது வெறும் பெயர்ச்சொல் அல்ல. தனக்கென்று ஆர்ட்டிக்கிளும் அடைமொழியும் கொண்ட முழுத் தொடர். “தி ஓல்டு ஸ்டூடன்ட்” என்ற தொடர் முழுதும் சேர்ந்து, அதன் முடிவில் ’ஸ் ஒட்டுகிறது. “தி கிங் ஆஃப் ஸ்பெயின்’ஸ் டாட்டர்” என்பதில் ’ஸ் ஒட்டியிருப்பது ஸ்பெயினோடு. ஆனால் மகள் ஸ்பெயினுக்கு அல்ல, அரசருக்கு. முழுத் தொடருக்கும் சேர்த்துத்தான் அது ஒட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கூட்டுப்பெயரின் முதல் சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. அது தனியாக, ஆர்ட்டிக்கிள் இல்லாமல்தான் வந்து சேரும். முன்னால் நிற்கும் “தி”யும் “எ”யும் கடைசிச் சொல்லுக்கு உரியவை.

இதிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு சோதனை கிடைக்கிறது. “தி”, “எ”, “மை”, “திஸ்” போன்றவை உட்காரும் இடம் ஒன்றுதான். உடைமைத் தொடர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் “ஜான்’ஸ் கார்” என்பதற்கு முன்னால் “தி” வராது. “தி ஜான்’ஸ் கார்” என்று எழுதுவது நம்மவர்களிடம் மிகப் பரவலான பிழை. கூட்டுப்பெயர் அந்த இடத்தைக் காலியாக விடுவதால், அது எண்ணக்கூடிய ஒருமையாக இருந்தால் பொதுவாக அங்கே ஆர்ட்டிக்கிளோ “மை” போன்ற ஒன்றோ வர வேண்டும். அறிவியல் பெயர்களில் இது அப்பட்டமாகத் தெரியும். “நியூட்டன்’ஸ் லாஸ்”, “ஓம்’ஸ் லா” என்பவற்றுக்கு முன்னால் எதுவும் இல்லை. “தி டாப்ளர் எஃபெக்ட்” என்பதில் அப்பாஸ்ட்ரஃபி இல்லை, அதனால் “தி” இருக்கிறது. பிளாங்க் மாறிலிக்கு இரண்டு வழக்கும் உண்டு: “பிளாங்க்’ஸ் கான்ஸ்டன்ட்” என்றும் எழுதலாம், “தி பிளாங்க் கான்ஸ்டன்ட்” என்றும் எழுதலாம். இரண்டையும் கலந்து “தி பிளாங்க்’ஸ் கான்ஸ்டன்ட்” என்று மட்டும் எழுதக் கூடாது. ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் இந்த ஒரு பிழையை எத்தனை முறை அடித்திருப்பார்கள் என்று சொல்லி மாளாது.

தமிழில் இதற்கு இணையான உணர்வு நமக்கு இருக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. “மரத்தின் கிளை முறிந்தது” என்னும்போது ஏதோ ஒரு மரம் கண்முன் நிற்கிறது. “மரக்கிளை” என்னும்போது மரம் பின்னால் போய்விடுகிறது. கிளை எப்படிப்பட்டது என்பது மட்டும் மிஞ்சுகிறது. உருபு விரிந்து நின்றால் ஒன்று, தொக்கி நின்றால் வேறு. ஆறாம் வேற்றுமையின் பொருளை நன்னூல் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பிரிக்கும். கை, கால் போலப் பிரிக்க முடியாதது தற்கிழமை. வீடு, நிலம் போலக் கைமாறக்கூடியது பிறிதின்கிழமை. உடைமை என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை உறவுகள் அடங்கும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் ’ஸ்ஸும் அப்படித்தான்: “ஜான்’ஸ் போட்டோ” என்றால் ஜான் வைத்திருக்கும் படமாகவும் இருக்கலாம், அவர் எடுத்த படமாகவும் இருக்கலாம், அவரே இருக்கும் படமாகவும் இருக்கலாம்.

கூட்டுப்பெயருக்குள் ஒளிந்திருக்கும் உறவுகள் இன்னும் பல. “ஆலிவ் ஆயில்” ஆலிவிலிருந்து எடுத்த எண்ணெய். “பேபி ஆயில்” குழந்தைக்குத் தடவும் எண்ணெய். அமைப்பு ஒன்றுதான், பொருளைச் சொல்வது நம் உலக அறிவு. தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம், பொற்குடம் என்றால் பொன்னால் செய்த குடம் என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையில் நாம் படித்ததும் இதைத்தான். முதல் சொல் இரண்டாவதை ஒரு வகைக்குள் கொண்டுபோய் வைக்கிறது. எப்படிப்பட்ட உறவு என்று சொல்வதில்லை.

வகை என்று ஒன்று இருந்தால்தான் கூட்டுப்பெயர் பிறக்கும். “டேபிள் லெக்” இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம், மேசைக் கால் என்பது தச்சர்கள் தனியாகச் செய்கிற, கடையில் தனியாக விற்கிற, உடைந்தால் மாற்றுகிற ஒரு பொருள். “கார் டோர்”, “டோர் ஹேண்டில்”, “ஷர்ட் பாக்கெட்” எல்லாம் அப்படியே. இவற்றில் அப்பாஸ்ட்ரஃபி போட்டு “டோர்’ஸ் ஹேண்டில்” என்று எழுதுவது இலக்கணப் பிழை அல்ல என்றாலும், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் அப்படி எழுத மாட்டார். “கதவின் கைப்பிடி” என்று மனத்துக்குள் நினைத்து, ‘இன்’னுக்குப் பதில் ’ஸ் வைப்பதால் வருவது அது. ஆனால் காரின் நிறம், காரின் எதிர்காலம், திட்டத்தின் முக்கியத்துவம் போன்றவை வகைகள் அல்ல; அந்தந்தப் பொருளுக்கு அந்தந்த நேரத்தில் சொல்லும் பண்புகள். அங்கே “தி கார்’ஸ் கலர்” அல்லது “தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் தி பிளான்”தான் வரும்.

இதை இறப்பு என்ற சொல்லில் பார்த்தால் தெளிவாகும். அரசரின் மரணம் “தி கிங்’ஸ் டெத்”. “கிங் டெத்” என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் அரசர்கள் சாவது என்பது யாரும் தனியாக எண்ணி வைக்கிற வகை அல்ல. சாலை விபத்துச் சாவுகளோ “ரோடு டெத்ஸ்”. அவற்றை அரசாங்கங்கள் ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகின்றன. எண்ணத் தொடங்கியதும் அது வகை ஆகிவிட்டது, கூட்டுப்பெயரும் பிறந்துவிட்டது.

கூட்டுப்பெயரின் முதல் சொல் பொதுவாக ஒருமையில் நிற்கும். பல் துலக்கும் தூரிகை எல்லாப் பற்களுக்கும்தான், ஆனாலும் அது “டூத்பிரஷ்”; “டீத்பிரஷ்” இல்லை. காலணிக் கடை “ஷூ ஷாப்”. “ட்ரவுசர்ஸ்” என்ற சொல்லுக்கு ஒருமையே கிடையாது என்று படித்திருப்போம். அதுவும் கூட்டுப்பெயருக்குள் வரும்போது எஸ்ஸை உதறிவிட்டு “ட்ரவுசர் பாக்கெட்” ஆகிறது. பத்து மைல் நடை “எ டென் மைல் வாக்”, ஐந்தாண்டுத் திட்டம் “எ ஃபைவ் இயர் பிளான்”. எண் முன்னால் இருந்தும் மைலுக்கும் இயருக்கும் எஸ் இல்லை. பீட்டர் கார்டன் என்ற உளமொழியியலாளர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதில் வியப்பானது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் பேசி, எலிகளைத் தின்கிற ஒன்றுக்குப் பெயர் சொல்லச் சொன்னார். “மைஸ்” போன்ற ஒழுங்கற்ற பன்மையை வைத்து “மைஸ் ஈட்டர்” என்று சொன்ன குழந்தைகள், “ரேட்ஸ்” என்ற சாதாரணப் பன்மை வரும்போது எஸ்ஸை எடுத்துவிட்டு “ரேட் ஈட்டர்” என்றார்கள். யாரும் அவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. “ஆர்ம்ஸ் ரேஸ்”, “கஸ்டம்ஸ் ஆபீசர்”, “சேவிங்ஸ் அக்கவுண்ட்”, “கிளோத்ஸ் ஷாப்” எல்லாம் எஸ்ஸோடுதான் வரும். எஸ்ஸை எடுத்தால் பொருளே மாறிப்போகும் சொற்கள் இவை. “ஆர்ம்” என்றால் கை, “ஆர்ம்ஸ்” என்றால் ஆயுதம். “ஸ்போர்ட்ஸ் கார்” மட்டும் ஏன் என்று கேட்டால் வழக்கு என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இந்த எஸ்களுக்கெல்லாம் அப்பாஸ்ட்ரஃபி கிடையாது, இவை வெறும் பன்மை.

பேச்சில் கூட்டுப்பெயரை அடையாளம் காட்டுவது அழுத்தம். பொதுவாக முதல் சொல்லில் அழுத்தம் விழும்: “கார் கீ” என்பதில் “கார்” ஓங்கும். ஆனால் ஆங்கிலத்துக்கே உரிய பிடிவாதம் ஒன்று இங்கே உண்டு. “ஆப்பிள் கேக்” என்பதில் “ஆப்பிள்” ஓங்குகிறது, “ஆப்பிள் பை” என்பதில் “பை” ஓங்குகிறது. தெருப் பெயர்களில் “ஸ்ட்ரீட்” என்று முடிந்தால் முதல் சொல்லில் அழுத்தம், “ரோடு”, “அவென்யூ” என்று முடிந்தால் கடைசிச் சொல்லில். இதற்கு விளக்கம் தேடுவதைவிடக் காதால் பழகிக்கொள்வதே நல்லது.

“ஆஃப்” வரும் ஓரிடத்தை இங்கேயே சொல்லிவிடலாம். “எ வைன் கிளாஸ்” என்றால் கோப்பை, காலியாக இருக்கலாம். “எ கிளாஸ் ஆஃப் வைன்” என்றால் உள்ளே மது இருந்தாக வேண்டும். தீப்பெட்டிக்கும் இதே கணக்கு: “மேட்ச்பாக்ஸ்” பெட்டி, “எ பாக்ஸ் ஆஃப் மேட்சஸ்” குச்சிகள் நிறைந்த பெட்டி. பாத்திரத்தின் வகையைச் சொல்வது கூட்டுப்பெயர், அளவைச் சொல்வது “ஆஃப்”.

விலங்குகளிடம் வரும்போது ஆங்கிலம் வேறொரு கோடு போடுகிறது, அதை முதல்முறை கவனிக்கும்போது சற்று அதிர்ச்சியாகவே இருக்கும். உயிரோடு இருக்கும் விலங்கிடமிருந்து கிடைப்பது உடைமை வடிவம் பெறுகிறது: “கௌ’ஸ் மில்க்”, “கோட்’ஸ் சீஸ்”, ஆட்டுக்குட்டியின் மயிரான “லாம்’ஸ் வூல்”, “பேர்ட்’ஸ் நெஸ்ட்”. விலங்கைக் கொன்று பெறுவது கூட்டுப்பெயர் ஆகிறது: “சிக்கன் சூப்”, “லாம் சாப்”, “ஃபாக்ஸ் ஃபர்”, “ஷீப்ஸ்கின்”. உயிர் இருக்கும்வரை அந்த விலங்குக்கு அப்பாஸ்ட்ரஃபி இருக்கிறது. உயிர் போனதும் அது வெறும் வகைப்பெயராகச் சுருங்கிவிடுகிறது. “தி சிக்கன்’ஸ் லெக்” என்றால் முற்றத்தில் நொண்டுகிற கோழியின் கால், “சிக்கன் லெக்” என்றால் தட்டில் இருப்பது. இதுவும் முழு விதி அல்ல. கன்றின் ஈரல் “காஃப்’ஸ் லிவர்” என்றுதான் கசாப்புக் கடையிலும் விற்கிறது, வாத்து முட்டையைப் பலர் “டக் எக்” என்கிறார்கள். ஆனாலும் நாம் எதை உயிருள்ள தனி ஒன்றாகப் பார்க்கிறோம், எதைச் சரக்காகப் பார்க்கிறோம் என்பதை இலக்கணம் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் ஆங்கிலத்தில் வேறு எனக்குத் தெரியவில்லை.

காலத்தைக் குறிக்கும் சொற்களிலும் “எந்த ஒன்று, என்ன வகை” என்ற கேள்வி அப்படியே பொருந்தும். “எ சண்டே பேப்பர்” என்றால் ஞாயிறுதோறும் வெளிவரும் வகைப் பத்திரிகை. “சண்டே’ஸ் பேப்பர்” என்றால் அந்தக் குறிப்பிட்ட ஞாயிறன்று வந்த இதழ். நேற்றைய செய்தி “யெஸ்டர்டே’ஸ் நியூஸ்”. குளிர்காலக் கோட்டு “எ வின்ட்டர் கோட்”. மூன்று வார விடுமுறையை இரண்டு விதமாகச் சொல்லலாம்: “எ த்ரீ வீக் ஹாலிடே”, “த்ரீ வீக்ஸ்’ ஹாலிடே”. முதலாவதில் “எ” இருக்கிறது, எஸ் இல்லை. த்ரீக்கும் வீக்குக்கும் நடுவே சிறு கோடு போடுவார்கள். இரண்டாவதில் எஸ்ஸும் அப்பாஸ்ட்ரஃபியும் இருக்கின்றன, “எ” இல்லை. ஆர்ட்டிக்கிள் சோதனை இங்கும் தவறவில்லை.

இதுவரை வந்தது தெளிவான நிலம். இனி வருவது அப்படி அல்ல.

பெண்களுக்கான இதழை ஆங்கிலத்தில் “எ விமன்’ஸ் மேகசின்” என்கிறார்கள். குழந்தைகள் மருத்துவமனை “எ சில்ட்ரன்’ஸ் ஹாஸ்பிட்டல்”. முதுகலைப் பட்டம் “எ மாஸ்டர்’ஸ் டிகிரி”. இவை எல்லாமே வகைகள். எந்தக் குறிப்பிட்ட பெண்களையும் குழந்தைகளையும் இவை சுட்டவில்லை. நம் கேள்விப்படி கூட்டுப்பெயராக இருக்க வேண்டும், ஆனால் அப்பாஸ்ட்ரஃபி இருக்கிறது. தமிழ் உணர்வு நம்மைக் கைவிடும் இடமும் இதுதான். “பெண்கள் கல்லூரி”, “குழந்தைகள் மருத்துவமனை” என்று உருபே இல்லாமல் சொல்லிப் பழகிய நாம் “விமன் காலேஜ்” என்று எழுதிவிடுவோம். ஆங்கிலத்தில் அது “விமன்’ஸ் காலேஜ்”.

இலக்கண நூல்கள் இதை வகைப்படுத்தும் உடைமை என்று தனியாகப் பிரிக்கின்றன. உடை உடைமை வடிவத்துடையது, வேலை கூட்டுப்பெயருடையது. ஆர்ட்டிக்கிள் சோதனை வைத்தால் உண்மை வெளிவரும். “அன் எக்ஸ்பென்சிவ் விமன்’ஸ் மேகசின்” என்பதில் “அன்” ஒருமைக்கு உரியது, “விமன்” பன்மை. ஆகவே அந்த “அன்” பெண்களோடு சேர முடியாது. அது கடைசியில் இருக்கும் மேகசினோடுதான் சேர்கிறது, எக்ஸ்பென்சிவும் அப்படியே. கூட்டுப்பெயர் நடந்துகொள்ளும் முறை இது. முதல் பெயர் ஒருமையாக இருந்தால் சோதனைக்கும் பிடிபடாது. “அன் ஓல்டு மேன்’ஸ் பைசைக்கிள்” என்ற தொடரை எழுத்தில் மட்டும் பார்த்தால், முதியவர் ஒருவரின் சைக்கிளா, ஆண்கள் ஓட்டும் வகையைச் சேர்ந்த பழைய சைக்கிளா என்று தீர்மானிக்க முடியாது. சூழல்தான் சொல்ல வேண்டும்.

எந்தச் சொல்லுக்கு இந்த வகைப்படுத்தும் உடைமை வரும், எதற்கு வராது என்பதற்கு நம்பகமான விதி இல்லை. மனிதர்களில் ஒரு பிரிவினருக்கென்று உருவான பொருள் என்றால் பெரும்பாலும் வருகிறது. ஆனால் “பேபி கிளோத்ஸ்”, “டீச்சர் டிரெயினிங்”, “ஸ்டூடன்ட் லோன்” எல்லாம் வெறும் கூட்டுப்பெயர்கள். வண்டி ஓட்டும் உரிமத்துக்கு அமெரிக்காவில் “டிரைவர்’ஸ் லைசென்ஸ்” என்கிறார்கள், பிரிட்டனில் “டிரைவிங் லைசென்ஸ்”. டெக்சாஸ் மாநிலம் தரும் அட்டையில் ’ஸ்ஸும் இல்லாமல் “டிரைவர் லைசென்ஸ்” என்றே அச்சிட்டிருக்கும். ஒரே அட்டைக்கு மூன்று இலக்கணம். இந்த இடத்தில் அகராதியைப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ’ஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் இருந்த வேற்றுமை உருபின் எச்சம். அன்று பல பெயர்ச்சொற்களுக்கு ஆறாம் வேற்றுமையில் “எஸ்” என்ற ஓசை சேரும், அப்பாஸ்ட்ரஃபி என்ற குறி அப்போது கிடையாது. வோடன் என்ற தெய்வத்தின் நாள்தான் இன்றைய “வெனஸ்டே”; அதன் நடுவில் இருக்கும் எஸ் அந்தப் பழைய உருபு. “தர்ஸ்டே”, “டூம்ஸ்டே”, “கிராஃப்ட்ஸ்மேன்” போன்ற சொற்களுக்குள்ளும் அது உறைந்து கிடக்கிறது. உடைமைத் தொடராகப் பிறந்தவை காலப்போக்கில் இறுகிக் கூட்டுப்பெயராகிவிட்டன. அப்பாஸ்ட்ரஃபி 16-ம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது, முதலில் விடுபட்ட எழுத்தைக் காட்டுவதற்காக. பன்மை உடைமைக்கு எஸ்ஸுக்குப் பின்னால் அதைப் போடும் வழக்கம் 18-ம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. காதுக்கு ஒரே எஸ்ஸாக இருந்ததை எழுத்தில் மூன்றாகப் பிரித்தது பிற்காலத்து அச்சு மரபு. பேச்சில் இல்லாத வேறுபாட்டைக் கையால் காட்ட வேண்டியிருப்பதால்தான் எழுதுகிறவர் தடுமாறுகிறார்.

எஸ்ஸில் முடியும் பன்மைகளில் இந்தத் தடுமாற்றம் பெரிய சர்ச்சையாகவே வளர்ந்திருக்கிறது. உழவர் சந்தையை “ஃபார்மர்ஸ் மார்க்கெட்” என்று அப்பாஸ்ட்ரஃபி இல்லாமல் எழுதச் சொல்கிறது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கையேடு எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி போடச் சொல்கிறது. நிறுவனங்கள் தம் பெயரில் அதைப் போடாவிட்டால் மட்டுமே விட்டுவிடலாம் என்கிறது. முன்னவர்களின் வாதம்: இது உழவர்களுக்குச் சொந்தமான சந்தை அல்ல, உழவர்களுக்கான சந்தை; விரித்துச் சொல்லும்போது “ஆஃப்” வராமல் “ஃபார்” அல்லது “பை” வந்தால் அப்பாஸ்ட்ரஃபி வேண்டாம். கேட்க அழகாக இருக்கும் இந்த வாதம் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. குழந்தைகளுக்கான மருத்துவமனையிலும் “ஃபார்”தான் வருகிறது, ஆனால் “சில்ட்ரன்ஸ்” என்று ஒரு பன்மைச் சொல் ஆங்கிலத்தில் இல்லாததால் அங்கே அப்பாஸ்ட்ரஃபியைக் கைவிட முடியாது. எஸ்ஸில் முடியாத பன்மைகளுக்கு ’ஸ் கட்டாயம் என்று அந்தக் கையேடே ஒப்புக்கொள்கிறது. அதனால் சிகாகோ வழியே சீரானது என்பது என் கருத்து: ஒரே உறவுக்கு ஒரே குறி.

நாட்களின் பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், அது “மதர்’ஸ் டே” என்று ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லாருக்குமான நாள் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தன் தாயை மதிக்கும் நாள் என்பது அவர் எண்ணம். 1914-ல் குடியரசுத் தலைவர் வில்சன் வெளியிட்ட பிரகடனத்திலும் அந்த ஒருமையே நிலைத்தது. 1954-ல் போர்நிறுத்த நாளின் பெயரை மாற்றியபோது வைத்த “வெட்டரன்ஸ் டே” என்பதில் அப்பாஸ்ட்ரஃபியே இல்லை. படைவீரர்களுக்குச் சொந்தமான நாள் அல்ல, அவர்களைப் போற்றும் நாள் என்பது அதற்குச் சொல்லும் விளக்கம்.

இடப்பெயர்களில் அமெரிக்க அரசு ஒரேயடியாக ஒரு முடிவு எடுத்தது. 1890-ல் அமைந்த அமெரிக்க இடப்பெயர் வாரியம், உடைமையைக் காட்டும் அப்பாஸ்ட்ரஃபியைப் பெயர்களில் ஏற்பதில்லை. மிகச் சில இடங்களுக்கு மட்டுமே விலக்கு கொடுத்திருக்கிறது. முதல் விலக்கு 1933-ல் “மார்த்தா’ஸ் வின்யார்டு” தீவுக்கு. வாரியத்தின் தர்க்கம் நம் விஷயத்தின் நடுவே வந்து நிற்கிறது. இடத்துக்குப் பெயராகிவிட்ட பிறகு அந்தச் சொற்கள் தனித்தனிப் பொருளை இழந்து ஒரே அலகாகிவிடுகின்றன, உள்ளே உறவைக் காட்டும் குறிக்கு இனி வேலை இல்லை என்கிறது அது. உடைமைத் தொடர் கூட்டுப்பெயராக இறுகுவதைத்தான் அவர்கள் சட்டமாக்கியிருக்கிறார்கள். லண்டனில் அப்படி யாரும் சட்டம் போடவில்லை. சுரங்க ரயிலின் பிக்காடிலி பாதையில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் “ஏர்ல்’ஸ் கோர்ட்”, “பேரன்ஸ் கோர்ட்”. முதலாவதில் அப்பாஸ்ட்ரஃபி உண்டு, இரண்டாவதில் இல்லை. நிறுவனப் பெயர்களும் அவரவர் விருப்பம்தான்: மெக்டொனால்டு’ஸ் அதை வைத்திருக்கிறது, ஹாரட்ஸ் வைத்திருக்கவில்லை, வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-ல் கைவிட்டது. பெயர் என்றால் அவர்கள் எழுதுகிறபடி எழுதுவதே மரியாதை.

மருத்துவத்தில் எழுதுகிறவர்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். நோயைக் கண்டறிந்தவர் பெயரால் வழங்கும் நோய்களுக்கு ’ஸ் வேண்டாம் என்று 1970-களின் நடுவில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு பரிந்துரைத்தது. அந்த மருத்துவருக்கு அந்த நோய் இருந்ததும் இல்லை, அது அவருக்குச் சொந்தமும் இல்லை என்பது சொன்ன காரணம். அதன்பின் அமெரிக்காவில் “டவுன் சிண்ட்ரோம்” நிலைபெற்றது, பிரிட்டனில் “டவுன்’ஸ் சிண்ட்ரோம்” தொடர்ந்தது. சொன்ன காரணம் வலுவானதல்ல என்றே எனக்குப் படுகிறது. ஓம் விதியும் ஓமுக்குச் சொந்தமானதல்ல. ’ஸ் சொந்தத்தை மட்டும் குறிப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் விளைவு பயனுள்ளதாகவே அமைந்தது. ’ஸ் போனதும் “எ டவுன் சிண்ட்ரோம் கிளினிக்” என்று மேலும் ஒரு கூட்டுப்பெயரை அதன்மீது சிக்கலின்றிக் கட்ட முடிகிறது.

அல்சைமர் நோய்க்கு மட்டும் மக்கள் வழக்கு அந்தப் பரிந்துரைக்கு வளையவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் “அல்சைமர் டிசீஸ்” என்று எழுதுகின்றன, பொதுப் பத்திரிகைகள் “அல்சைமர்’ஸ் டிசீஸ்” என்றே எழுதுகின்றன. பேச்சில் “டிசீஸ்” என்ற சொல்லையே விட்டுவிட்டு “அல்சைமர்’ஸ்” என்று மட்டும் சொல்லப் பழகிவிட்டதால் அந்த எஸ்ஸை இனி எடுக்கவும் முடியாது. அதையே முதல் சொல்லாக வைத்து “அன் அல்சைமர்’ஸ் பேஷன்ட்” என்று புதிய கூட்டுப்பெயரும் உண்டாகிவிட்டது. இங்கே ’ஸ்ஸுக்கு முன்னால் “அன்” வந்திருப்பதைக் கவனியுங்கள். அது பேஷன்ட்டுக்கு உரியது. பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் பெயரால் வழங்கும் “லூ கெரிக்’ஸ் டிசீஸ்” விஷயத்தில் மாநாடு சொன்ன காரணமே செல்லாது. அவருக்கு அந்த நோய் இருந்தது, 1941-ல் அவர் இறந்ததும் அதனால்தான்.